பிரேக் ஷூவும் கலைச்சொல் குழுக்களும்

நீண்ட பதிவு. மொழியியல், தமிழியல் துறைகளில் உள்ள நண்பர்களை நோக்கியே எழுதுகிறேன். பிறருக்கும் பயன்படுமாயின் மகிழ்ச்சி.

தமிழில் தொழில்நுட்பத்தை எழுத முடியாமைக்குச் சொற்பஞ்சமே காரணம் என்னும் வாதத்தைச் சென்ற மாதம் மீண்டும் ஒருமுறை கேட்க நேர்ந்தது. தில்லியில் நாங்கள் மூன்று ஆய்வாளர்கள் கூட்டாக வைத்திருக்கும் பழைய ஆல்ட்டோ காரின் பின்சக்கர பிரேக் ஷூக்களை விடுதி வளாகத்திலேயே மாற்றினேன் என்றும், அந்தச் செய்முறையைத் தமிழில் எழுதி வருகிறேன் என்றும் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் சொன்னேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் கேட்டார்: ‘பிரேக்குக்கே நம்மிடம் ஒருமித்த சொல் இல்லை. தடை என்பதா, தடுப்பி என்பதா, நிறுத்தி என்பதா என்று முடிவாகவில்லை. அதற்குள் பிரேக் மாற்றுவதைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்?’ அருகில் நின்ற இன்னொருவர் அதைவிட வெளிப்படையாகக் கேட்டார்: ‘பிஎச்.டி. செய்பவருக்கு ஏன் இந்த வேலை?’

இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தோன்றும். இவை ஒரே கேள்வி என்பதே என் வாதம்.

முதலில் சொற்பஞ்சம் என்னும் கூற்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் எந்தப் பட்டறைக்குள்ளும் சென்று ஒரு மணி நேரம் நின்று கேளுங்கள். காரைத் தூக்குவது ஜாக்கி. திருகைக் கழற்றுவது திருப்புளி. போல்ட்டின் புரி தேய்ந்தால் மரை போய்விட்டது. பிடித்து இழுக்கக் குறடு, தேய்க்க அரம், துருவை எடுக்க உப்புத்தாள். மாற்றுச் சக்கரம் ஸ்டெப்னி. இந்தக் கடைசிச் சொல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904 வாக்கில் அங்கே தொடங்கிய உதிரிச் சக்கர நிறுவனம் அத்தெருவின் பெயரைத் தாங்கியது. இன்று பிரிட்டனில் அச்சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தியாவின் லாரிப் பட்டறைகள் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் நான் பிரேக் ஷூ கேட்டபோது கடைக்காரர் அதை ‘லெதர்’ என்றார். இன்றைய பிரேக் ஷூவில் தோல் எங்கும் இல்லை. ஆனால் தோல் பதித்து பிரேக் செய்த ஒரு காலம் இருந்தது. அதன் நினைவை ஓர் அகராதியும் அல்ல, ஒரு கடை மேசை காத்து வருகிறது.

இவற்றைக் கொச்சை என்றும் கலப்பு என்றும் ஒதுக்குவோர் ஒன்றை விளக்க வேண்டும். மரை, குறடு, அரம், உப்புத்தாள் ஆகியவற்றில் என்ன கலப்பு? ஜாக்கியும் டிரம்மும் ஸ்பேனரும் தமிழின் ஒலியமைப்புக்குள் வந்து, தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்று, தமிழ் வினைகளோடு புணர்ந்து ஐந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. அவற்றை வெளியேற்றிவிட்டு உள்ளே கொண்டுவர நினைக்கும் சொற்களைப் பேசுவோர் யார்? அவற்றை உருவாக்கியவர்களே, அதுவும் குழுக் கூட்டத்தில் மட்டும்.

கலைச்சொல்லாக்கத்தையே நான் மறுக்கவில்லை. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இன்றைய சொற்குவைத் திட்டம் வரை நூறாண்டுக்கும் மேலான உழைப்பு அதில் இருக்கிறது. அந்த உழைப்பால் பள்ளியில் தமிழ்வழி அறிவியல் பயின்றவர்களில் நானும் ஒருவர். என் மறுப்பு அதன் வரிசை பற்றியது. முதலில் சொல், பிறகு எழுத்து, அதன்பின் என்றாவது செயல் என்பது குழுக்களின் வரிசை. மொழி எங்கும் இவ்வரிசையில் வளர்ந்ததில்லை. செயல் இருக்கும் இடத்தில் பேச்சு இருக்கும். பேச்சு இருக்கும் இடத்தில் சொல் இருக்கும். எழுதுபவர் அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். போகாதவருக்குத்தான் பஞ்சம் தெரிகிறது.

சொல்லைவிடத் தொடர் முக்கியம் என்பதையும் நம் துறையினருக்கு நினைவூட்ட வேண்டியிருப்பது விந்தை. செய்முறை எழுத்தின் உயிர் பெயர்ச்சொற்களில் இல்லை, வினைகளின் வரிசையில் இருக்கிறது. சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டுக் காரைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டுத் தளர்த்த முயன்றால் சக்கரம் உடன் சுழலும், கார் ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும். இந்த ‘விட்டு’ என்னும் துணைவினை ஒரு செயல் முடிந்தபின்பே அடுத்தது என்பதை ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் சொல்லிவிட்டு, முன்னதைத் தொடரின் இறுதியில் ஒட்டவைக்க முடியும். கையேடுகளில் அது அடிக்கடி நிகழ்கிறது. தமிழின் வினையெச்சத் தொடர் இயல்பாகவே கால வரிசையில் நடக்கிறது. செய்முறை எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான தொடரமைப்பு கிடைப்பது அரிது.

அதற்கு ஒரு குறையும் உண்டு. எழுதிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கழற்றி, துடைத்து, பார்த்து, தடவி, பொருத்தி என்று எச்சங்கள் நீண்டுகொண்டே போகும்போது, எங்கே நிற்க வேண்டும் என்பது மறைந்துவிடுகிறது. டிரம்மைக் கழற்றிய பின் யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்து விழும், திரவம் சிந்தும், வேலை இரு மடங்காகும். இந்த எச்சரிக்கையை நீண்ட தொடரின் நடுவில் ‘மிதிக்காமல்’ என்று ஓர் எதிர்மறை எச்சமாகச் செருகினால் படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆபத்து வரும் இடத்தில் முற்றுவினை வர வேண்டும், தொடர் அங்கே முடிய வேண்டும். இது இலக்கணம் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு. சிறியதுதான், ஆனால் கலைச்சொல் பட்டியல் எதிலும் கிடைக்காதது.

இன்னொன்று. இடம், வலம் என்று எழுதினேன். எழுதியவுடன் சிக்கல் வந்தது. காரின் பின்னால் குனிந்து நிற்பவருக்கும், சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும், முன்னால் நின்று பார்ப்பவருக்கும் இடமும் வலமும் ஒன்றாக இருப்பதில்லை. லாரிப் பட்டறைகள் இதை எப்போதோ தீர்த்துவிட்டன. அங்கே டிரைவர் சைடு, கிளீனர் சைடு. பேசுபவர் எங்கு நின்றாலும் இவை மாறுவதில்லை. வெளியைச் சுட்டும் சட்டகங்கள் பற்றி நாம் முதுகலை வகுப்பில் வாரக்கணக்கில் படிக்கிறோம். பொருளின் உள்ளார்ந்த அமைப்பைக் கொண்டு திசை சொல்லும் முறைக்கு எடுத்துக்காட்டுகளை எங்கெங்கோ தேடுகிறோம். நாமக்கல் பட்டறையில் அந்த முறை நாள்தோறும் புழங்குகிறது. கிளீனர் என்று ஒருவர் இல்லாத ஆல்ட்டோவுக்கும் அது பொருந்துகிறது என்பது கூடுதல் சுவை.

இனி, ‘பிஎச்.டி. செய்பவருக்கு ஏன் இந்த வேலை’ என்னும் கேள்வி. செலவு மிச்சம் என்று பதில் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. மிச்சமாகும் தொகை பெரிதன்று. கேள்வியின் அடியில் இருப்பது வேறு. கையில் கிரீஸ் படுவது ஒரு வகை மனிதருக்கு உரியது, எழுதுவது இன்னொரு வகை மனிதருக்கு உரியது என்னும் எண்ணம் அது. சாதி வெறும் வேலைப் பிரிவினை அன்று, வேலை செய்வோரையே பிரித்து அடுக்குவது என்று 1936இல் அம்பேத்கர் முன்வைத்த வாதத்தை நம் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டாதவர் இல்லை. தேநீர் இடைவேளையில் அந்த வாதம் நினைவுக்கு வருவதில்லை. அறிவின் மொழி என்று ஒன்றையும் வேலையின் மொழி என்று இன்னொன்றையும் பிரித்து வைத்துவிட்டு, முன்னதில் சொல் இல்லை என்று புலம்புகிறோம். பின்னதில் சொல் இருக்கிறது. அதைப் பேசுபவரை நாம் அறிவாளராகக் கருதுவதில்லை. அதனால் அச்சொல்லும் நம் கணக்கில் வருவதில்லை.

அந்த வேலையில் அறிவு இல்லை என்று எண்ணுவோருக்காக டிரம்மின் உள்ளே நடப்பதைச் சற்றுச் சொல்கிறேன். பெரும்பாலான சிறிய கார்களில் மேலே ஒரு வீல் சிலிண்டர், கீழே ஒரு நிலையான பிடிமானம், நடுவே பிறை வடிவில் எதிரெதிராக இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் சிலிண்டர் இரண்டின் மேல்முனைகளையும் வெளியே தள்ளுகிறது. இரண்டுக்கும் கிடைக்கும் தள்ளுவிசை ஒன்றே. ஆயினும் இரண்டும் ஒரே அளவில் பிரேக் பிடிப்பதில்லை. கார் முன்னோக்கிச் செல்லும்போது முன்பக்க ஷூவை டிரம்மின் சுழற்சியே தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்கிறது. பின்பக்க ஷூவை அதே சுழற்சி விலக்கித் தள்ளுகிறது. ஆகவே முன்னது அதிகம் உழைக்கிறது, விரைவில் தேய்கிறது. காரைப் பின்னோக்கி ஓட்டினால் இரண்டும் தம் பங்கை மாற்றிக்கொள்கின்றன. பல கார்களில் கை பிரேக்கின் நெம்புகோல் பின்பக்க ஷூவில்தான் மாட்டப்பட்டிருக்கும். அதனால் புதிய ஷூக்களை முன்பின் மாற்றிப் பொருத்த முடியாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டே மறுபக்கத்தைத் திறக்க வேண்டும் என்று பட்டறைகளில் சொல்லித் தருவதன் காரணமும் இதுவே: திறக்காத பக்கம் ஒரு மூலப்படி போல இருக்கும், ஐயம் வந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஏடு பதிப்பித்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நான் ஒதுக்க மாட்டேன். பிரேக் உயிர் சார்ந்தது. மின்விசிறியைத் தவறாகப் பொருத்தினால் அது சுழலாது. பிரேக்கைத் தவறாகப் பொருத்தினால் சாலையில் நடந்து போகும் ஒருவர் சாவார், அவர் இந்த ஆய்வில் பங்கேற்க ஒப்புதல் அளித்தவர் அல்லர். இதை ஏற்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கையோ தலையோ நீட்டக் கூடாது. இரும்புத் தாங்கி வைக்க வேண்டும். தரையில் நிற்கும் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும், ஏனெனில் கை பிரேக்கை விடுவிக்காமல் பின் டிரம் கழலாது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்கும்போது ஈரம் தெரிந்தால் ஷூ மட்டும் மாற்றிப் பயனில்லை. டிரம்மின் உட்புற விட்டம் அதன் மேலேயே வார்க்கப்பட்டுள்ள உச்ச அளவைத் தாண்டியிருந்தால் டிரம்மையும் மாற்ற வேண்டும். இவற்றில் எதையாவது கண்டு என்ன செய்வதென்று தெரியாதவர் அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரை அழைக்க வேண்டும். இரு பக்கமும் சேர்த்து நான்கு ஷூக்களையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். முடித்தபின் காரை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்து அது உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பத்தியைப் படித்தவர் ஒன்றைக் கவனித்திருப்பார். வேலையைப் பாதுகாப்பானதாக்குபவை இந்த ஒழுங்குகள். செய்பவரின் சான்றிதழ் அன்று. இந்த ஒழுங்குகளைத் தமிழில் எழுதி வைக்காமல் இருப்பது எவரையும் பாதுகாக்கவில்லை. செய்பவர்கள் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள், எழுதப்படாத அறிவோடு, சில நேரம் தவறான அறிவோடும்.

அந்தத் தவறான அறிவில் ஒன்று ஆட்களைக் கொல்லக்கூடியது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கருஞ்சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். பல பட்டறைகளில் அதைக் காற்றுக் குழாயால் ஊதி வெளியேற்றுவது வழக்கம். ஊதுபவர் பெரும்பாலும் அங்குள்ளவர்களில் வயதில் சிறியவர், தொழில் பழக வந்தவர். பிரேக் லைனிங்கில் பல பத்தாண்டுகளாகக் கல்நார் சேர்க்கப்பட்டு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கல்நாரின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியுள்ளது. நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றித் தீர்ப்பளித்தது 1995இல். அமெரிக்கா வெள்ளைக் கல்நாரைத் தடைசெய்தது 2024இல். இந்தியாவில் அதற்கு இன்னும் முழுத் தடை இல்லை. புதிய கார்களுடன் வருபவை கல்நார் அற்றவையாக இருக்கலாம். பழைய காரிலோ பெயர் தெரியாத மலிவுப் பெட்டியிலோ இருப்பது என்ன என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லா பிரேக் தூசியையும் கல்நார்த் தூசி என்றே கருத வேண்டும். ஊதக் கூடாது. உலர்ந்த தூரிகையால் தட்டக் கூடாது. நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். நுண்துகள் வடிக்கும் முகமூடி அணிய வேண்டும்.

நான் வாங்கிய பெட்டியின் மேல் இந்த எச்சரிக்கை இருந்தது. ஆங்கிலத்தில், மிகச் சிறிய எழுத்தில். தில்லிப் பட்டறையில் ஊதும் இளைஞர் இந்தி படிப்பார். சேலத்தில் ஊதுபவர் தமிழ் படிப்பார். இருவருக்கும் அது எழுதப்படவில்லை.

இங்கே கலைச்சொல்லாளர்களுக்கு நான் தலைவணங்க வேண்டிய இடமும் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிவது கூரைத் தகடு. பிரேக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றால் நம்ப மாட்டார்கள். கூரைக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு என்பார்கள். கல்நார் என்று சொன்னால் அது கல், ஆனால் நார். நார் என்றால் பிரியும், பறக்கும், மூச்சில் போகும் என்று சொல்லே விளக்கிவிடுகிறது. அகராதிச் சொல் புழங்கும் சொல்லை வென்ற அரிய இடம் இது. இத்தகைய சொல் நம்மிடம் இருந்தும் அது பட்டறைச் சுவருக்குப் போய்ச் சேரவில்லை. அகராதியில் இருப்பதோடு கடமை முடிந்ததாகக் கருதிவிட்டோம். பிரேக்கைத் தடுப்பி என்பதா நிறுத்தி என்பதா என்று விவாதித்த நேரத்தில் ஒரு பகுதியை, கல்நார் என்னும் சொல்லைப் பத்துப் பட்டறைகளில் ஒட்டுவதற்குச் செலவிட்டிருந்தால் கலைச்சொல் இயக்கத்தின் மீது எனக்கு எந்தப் புகாரும் இருந்திருக்காது.

அறிவை மூடி வைப்பதில் கல்விப்புலம் மட்டும் குற்றவாளி அன்று. காருடன் வரும் பயனர் கையேடு பிரேக் பற்றி எதையும் சொல்லித் தருவதில்லை; அங்கீகரிக்கப்பட்ட பணிமனையை அணுகவும் என்று முடித்துக்கொள்கிறது. உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்குகள் அதன்பின் நீண்டன. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. உரிமை ஆவணத்தில் வந்தாலும் அது எந்த மொழியில் வரும் என்னும் கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்.

நம் துறைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதிய நிதியும் குழுவும் தேவைப்படாதது. முதுகலை மாணவர்களுக்குக் களப்பணித் தாள் இருக்கிறது. அழிந்துவரும் மொழிகளில் வலை பின்னுவதையும் கூடை முடைவதையும் சொல் சொல்லாக, செயல் செயலாக ஆவணப்படுத்த அவர்களுக்குக் கற்பிக்கிறோம். அது தேவையான பணி. அதே முறையை, அதே மரியாதையோடு, தெருமுனைப் பட்டறைக்கும் கொண்டு செல்லட்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு கைவேலையைக் கற்று, தன் கையால் ஒருமுறை செய்து, கற்பித்தவரின் சொற்களிலேயே தமிழில் எழுதட்டும். கற்பித்தவரின் பெயர், அவர் விரும்பினால், தகவலாளர் பட்டியலில் அன்றி ஆசிரியர் வரிசையில் வரட்டும். அவர் செலவிட்ட நேரத்துக்குக் கூலி கொடுக்கட்டும். இது ஆய்வாகுமா என்று கேட்பவர்கள், மேலே நான் சொன்ன முற்றுவினைச் சிக்கலுக்கும் கிளீனர் சைடுக்கும் முதலில் விடை சொல்லட்டும்.

செய்முறையின் வரைவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பின்சக்கர டிரம் பிரேக் மட்டும், படங்களோடு. நாமக்கல், கோவை, மதுரைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் உறவினரோ நண்பரோ உள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள். ஷூவை அழுத்திப் பிடிக்கும் சிறிய முள்ளுக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டுச் சொல்லுங்கள். நான் கேட்ட மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள். மூன்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.